கடல்வெங்காயத்தின் தேசம்

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஏப்ரல், மே மாதங்களோடு மழை ஓய்ந்து, அதன்பின் நான்கைந்து மாத காலம் வானம் வறண்டு கிடக்க, பசும்புல் வைக்கோலாகிக் காற்றில் பறந்து, பாறை இடுக்குகளில் ஒண்டியிருந்த பூண்டுகளும் பொடிந்து மண்ணோடு மண்ணாகிவிட்ட ஆகஸ்டு மாதக் கடைசியில், பச்சை என்று சொல்லத்தக்கது எதுவும் எளிதில் கண்ணுக்கு அகப்படாத அந்தச் சரிவுகளிலே, இலையோ கிளையோ ஒன்றுமின்றி, மனிதனின் மார்பளவு உயரத்திற்கு, வெண்பூக்கள் அடர்ந்த தண்டுகள் தரையைப் பிளந்துகொண்டு எழுந்து நிற்கும். போர்ச்சுகல் கரையிலிருந்து பாலஸ்தீனத்துக் குன்றுகள் வரையில் சரத்காலத்தின் வரவை முதன்முதலில் அறிவிப்பது இந்தப் பூண்டுதான். பண்டைக் கிரேக்கர் இதனை ஸ்கில்லா என்றனர். தாவர நூலார் இன்று டிரிமியா மாரிட்டிமா என்று வழங்குகின்றனர். நம் நாட்டு வைத்தியர் நரிவெங்காயம் என்று அறிந்துள்ள பூண்டுக்கு இது மிக நெருங்கிய உறவாதலின், இக்கட்டுரையில் இதனைக் கடல்வெங்காயம் என்றே குறிப்பிடுகிறேன்.

ஒரு செடியின் இயற்கை எல்லையைப் பற்றிப் பேச வந்தவர்களில் பலர், தேசப்படத்தில் ஒரு பகுதிக்கு வண்ணம் தீட்டிக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். அந்த வண்ணம் ஏன் அந்த இடத்தில் தொடங்கி அந்த இடத்தில் முடிகிறது என்னும் வினாவே என் உள்ளத்தை ஈர்ப்பது. கடல்வெங்காயத்தைப் பொறுத்தவரையில் இவ்வினாவுக்கு உரிய விடை, அது பூக்கும் பருவத்திலேயே அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. ஆடும், கலப்பையும், மனிதனுடைய பயமும் பக்தியும் பிற்காலத்தில் அந்த எல்லைக்கு உள்ளே அதனை அடர்த்தியாக்கினவேயன்றி, எல்லையை வரைந்தது மழையின் காலக் கணக்கே.

முதலில் செடியை அருகிலிருந்து காண்போம். தரையிலிருந்து கிளம்பும் தண்டு விரற்பருமன் உள்ளது, வழவழப்பானது, பெரும்பாலும் செம்பழுப்பு ஏறியது. ஒரு மீட்டர் உயரம் சாதாரணம். ஒன்றரை மீட்டர் வரை ஓங்குவதும் உண்டு. அதன் கீழ்ப்பாதி வெறுமையாயிருக்க, மேற்பாதி முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட மொட்டுகள் நெருங்கிய நீண்ட மஞ்சரியாக அமைந்திருக்கும். பூ ஒவ்வொன்றும் மிகச் சிறியது. ஆறு வெள்ளை இதழ்கள். இதழ்தோறும் நடுநரம்பு வழியாகப் பசுமை கலந்த ஊதாக் கோடு ஒன்று ஓடுகிறது. நடுவே பசுமஞ்சள் நிறமான சூலகமும் அதனைச் சூழ்ந்து ஆறு மகரந்தக் கேசரங்களும் நிற்கின்றன. இந்தப் பூவின் ஆயுள் ஒரு நாள். கீழிருந்து தொடங்கி நாள்தோறும் ஒரு வளையம் மலர்ந்து, மறுநாள் அது வாடச் சற்று மேலே அடுத்த வளையம் மலர்வதால், ஒரே தண்டில் அடியில் காயும், இடையில் பூவும், நுனியில் மொட்டும் ஒருங்கே காணப்படுவதோடு, நாளொன்றே வாழும் பூக்களைக் கொண்ட செடி வாரக்கணக்கில் பூத்தவாறே இருக்கிறது. தரையைத் தோண்டினால், தாளைப்போல் உலர்ந்த மேற்தோலும் உள்ளே சதைப்பற்றான செதில்களும் உடைய பெரிய குமிழம் வெளிப்படும். பதினைந்து சென்டிமீட்டர் குறுக்களவும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் உள்ள குமிழங்கள் அருமையல்ல. அவற்றினும் மிகப் பெரியவையும் உண்டு. பல இடங்களில் குமிழத்தின் தோள்பகுதி மண்ணுக்கு வெளியே தலைகாட்டிக்கொண்டிருக்கும். செதில்கள் வெண்மையாயுள்ள வகை ஒன்று, செம்மையாயுள்ள வகை ஒன்று என வணிகர் நெடுங்காலமாகப் பிரித்து வந்துள்ளனர்.

பூ முடிந்து விதை முற்றும் தறுவாயில்தான் இலைகள் தலைகாட்டுகின்றன. குளிர்கால மழை விழுந்ததும், அரை மீட்டருக்கு மேல் நீண்டு, கையகலத்தில் பாதியளவு விரிந்த, நீலம் பாய்ந்த பச்சை இலைகள் கொத்தாகப் புறப்பட்டு, மழைக்காலம் முழுவதும் வெயிலைத் தடையின்றிப் பருகி, வசந்தத்தின் இறுதியில் மஞ்சளித்து மடிகின்றன. ஆகவே இச்செடியின் இலையும் பூவும் ஒன்றையொன்று காண்பதில்லை. குளிர்காலம் உழைப்புக்கு, வசந்தத்தின் முடிவு ஓய்வுக்கு, வேனிலின் முடிவு பூப்புக்கு. மழைக்காலத்துச் சம்பாத்தியத்தைக் குதிரில் கொட்டிவைத்து, வறண்ட மாதத்தில் அதை எடுத்துக் கலியாணம் நடத்தும் குடியானவனைப் போன்றது இதன் வாழ்க்கை.

இனி இதன் தேசத்தைச் சுற்றிவருவோம். மேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள கனேரித் தீவுகளில் இதன் கிளையினம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து போர்ச்சுகல், தெற்கு ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, லிபியா, எகிப்தின் வடமேற்குக் கரை என ஆப்பிரிக்காவின் வடவிளிம்பு நெடுகவும், சார்டினியா, கோர்சிக்கா, சிசிலி, மால்ட்டா முதலிய தீவுகளிலும், இத்தாலியின் தென்பகுதியிலும், கிரீஸ், கிரீட், ஏஜியன் தீவுகள், சைப்ரஸ், துருக்கியின் மேற்கு தெற்குக் கரைகள் ஆகியவற்றிலும் பரவி, சிரியா, லெபனான், பாலஸ்தீனம், இஸ்ரேல், ஜோர்தான் வரை சென்று பாலைவனத்தின் விளிம்பில் நிற்கிறது. பிரான்சில் தென்கரையின் சில மூலைகளில் மட்டும் அரிதாக உள்ளது. ‘மாரிட்டிமா’ என்று லின்னேயஸ் இட்ட அடைமொழி கடலைச் சார்ந்தது என்று பொருள்படினும், செடி கரையோரத்து மணலில் மட்டும் அடங்கிவிடவில்லை. ஜோர்தானின் உள்நாட்டு மலைகளிலும் நெகேவ் பாலையின் மேட்டு நிலங்களிலும் கடற்காற்றே படாத சரிவுகளில் அது செழித்திருக்கிறது. சுண்ணாம்புப் பாறையோ, செம்மண்ணோ, மணலோ, எந்த மண்ணையும் அது வெறுப்பதில்லை. அதனால் மண்ணைக் கொண்டு இதன் எல்லையை விளக்க முயல்வது வீண்.

இந்தப் பட்டியலை உற்றுநோக்கினால் இந்நாடுகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குணம் புலப்படும். மழை முழுவதும், அல்லது மழையின் பெரும்பகுதி, குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை அறவே வறண்டது, உறைபனி கடுமையில்லை. எருசலேம் நகரில் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டருக்கு மேற்பட்டிருந்தும், அதில் ஏறக்குறைய முழுவதும் அக்டோபருக்கும் மே மாதத்துக்கும் இடையிலேயே விழுந்துவிடுகிறது. ஒலிவ மரம் பயிராகும் நிலம் எதுவோ, பெரும்பாலும் அதுவே கடல்வெங்காயத்தின் நிலமும். இவ்வகை நிலத்தில் குமிழமும் கிழங்கும் உள்ள பூண்டுகள் மிகுதி. எனினும் அவற்றில் பெரும்பாலானவை மழைக்காலத்திலோ வசந்தத்திலோ இலையோடு சேர்ந்து பூப்பவை. கடல்வெங்காயம் நிலத்தில் ஈரம் என்பதே இல்லாத நேரம் பார்த்துப் பூக்கிறது. இது முதற் பார்வைக்கு இயற்கையின் விபரீதமாகத் தோன்றும்.

ஆனால் இதில் விபரீதம் ஒன்றும் இல்லை. பூப்பதற்கு வேண்டிய நீரும் உணவும் முந்தின குளிர்காலத்திலேயே குமிழத்தின் செதில்களில் சேமிக்கப்பட்டுவிட்டன. அதிலுள்ள சேமிப்புப் பொருள் மாவு அன்று. நீரில் கரையும் ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலி. சினிஸ்ட்ரின் என்னும் பெயருடைய இப்பொருளை இக்குமிழத்திலிருந்து பிரித்தெடுத்து, மனிதனின் சிறுநீரகம் எவ்வளவு திறமையாக இரத்தத்தை வடிக்கிறது என்று அளப்பதற்கு மருத்துவர்கள் பயன்படுத்திவருகின்றனர். செதில்களில் வழவழப்பான பசை நிறைய இருப்பதால் நீர் எளிதில் ஆவியாவதில்லை. இதன் பயனாக விளைவதைக் கண்ணாரக் காண விரும்புவோர் ஒரு குமிழத்தை வேனிலில் பெயர்த்தெடுத்து, மண்ணோ நீரோ இன்றி அலமாரியில் வைத்தால் போதும்; ஆகஸ்டு, செப்டம்பரில் அது வைத்த இடத்திலிருந்தே தண்டு விட்டுப் பூக்கும். பூவுக்கு மழையின் துணை தேவையில்லை, வேர்கூடத் தேவையில்லை. இத்தனை தன்னிறைவு உடைய செடி, மழைக்கு முன்னரே பூத்துவிடுவதால் அடையும் ஆதாயம் என்ன என்பதே அடுத்து எழும் வினா.

ஆதாயங்கள் இரண்டு. முதலாவது, வேறு எந்தப் பூவும் இல்லாத காலத்தில் இது பூக்கிறது. வசந்தத்தில் ஆயிரம் பூக்கள் ஒரு தேனீக்குப் போட்டியிடும். ஆகஸ்டில் ஆயிரம் தேனீக்கள் இந்த ஒரு பூவைத் தேடிவரும். இச்செடி தன் மகரந்தத்தால் தானே கருவுறும் இயல்புடையதன்று. அயற்செடியின் மகரந்தம் வந்துசேர வேண்டும். 1986ஆம் ஆண்டில் இஸ்ரேலில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று, தேனீயும், கிழக்கத்தியக் குளவியும், தாள்கூடு கட்டும் மற்றொரு குளவியினமும் இப்பணியைச் செய்வதோடு, காற்றும் ஓரளவு மகரந்தத்தைச் சுமந்து சென்று கருவுறச் செய்கிறது என்று நிலைநாட்டியது. மறைப்பதற்கு இலையோ புதரோ இல்லாத வெட்டவெளியில், மார்பளவு உயரத்தில், உலர்ந்த காற்றில் பூக்கள் நிற்பதை எண்ணும்போது, காற்றின் இந்தப் பங்கு வியப்பளிக்கவில்லை. பூச்சியை நம்பிய செடி, பூச்சி தவறினும் முற்றும் கெட்டுப்போகாத ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது.

இரண்டாவது ஆதாயம் விதையில் இருக்கிறது. எல்லையைப் பற்றிய என் கருத்துக்கு இதுவே உயிர்நிலை. மூன்று அறைகளுள்ள காய் வெடித்தால், கறுத்து, தட்டையாய், விளிம்பில் மெல்லிய சிறகுள்ள விதைகள் சிதறுகின்றன. காய்ந்து விறைத்த நெடுந்தண்டு காற்றில் ஆடும்போதெல்லாம் அவை சிறிது சிறிதாக உதறப்பட்டுப் பறக்கின்றன. அது நிகழும் காலம் அக்டோபர், நவம்பர். முதல் மழை விழும் காலமும் அதுவே. விதைக்கு நெடிய உறக்கம் கிடையாது. அந்தப் பருவத்திலேயே முளைத்து, மழையுள்ள ஆறு மாதத்துக்குள் சிறியதொரு குமிழத்தைத் திரட்டிக்கொண்டு, முதற் கோடைக்குள் மண்ணுக்கடியில் பதுங்கிவிட வேண்டும். வசந்தத்தில் பூத்திருந்தால் விதை வேனிலின் தொடக்கத்தில் விழும்; ஐந்து மாதம் வெயிலிலும் எறும்பின் வாயிலும் கிடக்கும். மழைக்காலத்தின் முழு நீளத்தையும் தன் குழவிக்குக் கொடுப்பதற்காகவே தாய்ச்செடி வறட்சியில் பூக்கிறது என்று கொண்டால், அதன் ஆண்டுச் சக்கரம் முழுவதும் தெளிவாகிவிடுகிறது.

எல்லையும் அப்போதே தெளிவாகிறது. வடக்கே சென்றால் கோடையிலும் மழையுண்டு. புல்லும் புதரும் ஆண்டு முழுவதும் நிலத்தை மூடிக்கொள்கின்றன. குளிர்காலத்து உறைபனியோ, செடி தன் இலையை வெளியே நீட்டியிருக்கும் அதே மாதங்களில் வந்து இலையைக் கருக்கிவிடுகிறது. தெற்கே சென்றால் குளிர்கால மழை வரவரக் குறைந்து, நாற்று முதற் கோடையைத் தாண்டுவதற்குரிய குமிழத்தைத் திரட்டிக்கொள்ள முடியாத பாலைவனம் வந்துவிடுகிறது. வளர்ந்த குமிழத்தை எந்த நாட்டுத் தோட்டத்திலும் வைத்து ஓரிரு பருவம் பூக்க வைக்கலாம். தானாக விதைத்து, தானாக முளைத்து, தலைமுறை தொடர்வது இந்த மழைக் கணக்கு அமைந்த நிலத்தில்தான்.

இதற்குச் சான்றாக நம் நரிவெங்காயத்தையே நிறுத்தலாம். டிரிமியா என்னும் பேரினத்தில் நூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை. சில ஆப்பிரிக்கா வழியே வடக்கே மத்தியதரைக் கடலுக்கும், சில கிழக்கே இந்தியாவுக்கும் வந்துள்ளன. ராக்ஸ்பர்க் முன்பு ஸ்கில்லா இண்டிகா என்று வருணித்த நரிவெங்காயம், இப்போது டிரிமியா இண்டிகா என்ற பெயரோடு இந்தியாவின் மணற்பாங்கான கரைகளிலும் வறண்ட காடுகளிலும் வளர்கிறது. அதுவும் இலையின்றிப் பூப்பது. அதுவும் மழைக்கு முன்பே பூப்பது. ஆனால் அது பூப்பது சரத்காலத்தில் அன்று. கடுங்கோடையில், பருவமழை வருவதற்கு முன். இங்கே மழை வேனிலின் பின்பு வருகிறது. அங்கே மழை சரத்காலத்தின் பின்பு வருகிறது. இரண்டு உறவினங்களும் நாட்காட்டியில் மாதங்கள் விலகி நின்றாலும், மழையிலிருந்து எண்ணினால் ஒரே நாளில் பூக்கின்றன என்று கூறுவது மிகையாகாது. கடல்வெங்காயத்தைச் சரத்காலப் பூ என்று அழைப்பது ஐரோப்பிய மாதக் கணக்கை ஒட்டிய வழக்கு. செடியின் சொந்தக் கணக்கில் அது மழைக்கு முந்திய பூ.

இதுவரையில் மனிதனையும் ஆட்டையும் தள்ளிவைத்துப் பேசினேன். அவர்களை விட்டுவிட்டு இந்நாடுகளின் எந்தச் செடியைப் பற்றியும் முழுமையாகப் பேச முடியாது. மத்தியதரைக் கடலின் குன்றுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக ஆடுகளால் மேயப்பட்டும், விறகுக்கு வெட்டப்பட்டும், தீயிடப்பட்டும் வந்தவை. ஓக் மரக்காடு அழிந்து புதராகி, புதர் அழிந்து கல்லும் முள்ளுமான இடங்களில், ஆடு தொடாத பூண்டுகள் சிலவே எஞ்சிப் பெருகுகின்றன. அவற்றில் கடல்வெங்காயம் தலையாயது. குளிர்காலத்தில் பசேலென்று விரிந்திருக்கும் அதன் இலையை ஆடு முகர்ந்துவிட்டு அப்பால் செல்லும். காரணம் இரண்டு. திசுக்களில் ஊசிபோன்ற சுண்ணாம்பு ஆக்சலேட் படிகங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. குமிழத்தை வெறுங்கையால் நறுக்குபவரின் தோல் எரிந்து தடிப்பது பெரிதும் இவற்றாலேதான். அதனினும் கொடியது அதன் விஷம். இதயத்தின் மீது செயற்படும் சில்லாரென் முதலிய கூட்டுப்பொருள்கள் அதில் உள்ளன. தேரையின் தோலில் சுரக்கும் விஷமும் இரசாயன அமைப்பில் இக்குடும்பத்தையே சேர்ந்தது. அவை உயிரணுக்களின் சவ்வில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றிச் செலுத்தும் பொறியைத் தடுத்து, அதன் விளைவாக இதயத் தசையில் கால்சியத்தை மிகுவித்து, துடிப்பை வலுவாக்கவும் மந்தமாக்கவும் செய்கின்றன. அளவோடு கொடுத்தால் ஔஷதம். அளவு கடந்தால் மரணம்.

அந்த ஔஷதத்தின் சரித்திரம் தனியே ஒரு நூலுக்குரியது. இங்கே தொட்டுவிட்டுச் செல்கிறேன். கி.பி. முதல் நூற்றாண்டில் டயோஸ்கோரிடிஸ், குமிழத்தை மாவிலோ களிமண்ணிலோ பொதிந்து சுட்டு, அதன் கடுமையைத் தணித்து வழங்கும் முறையையும், அதனை ஊறவைத்த காடியின் குணங்களையும் எழுதிவைத்தார். நீர்க்கோவைக்கும் சளிக்கும் அது பின்னர் ஐரோப்பா முழுவதும் வழங்கியது. இந்தியாவிலிருந்த ஆங்கில மருத்துவர் அதற்குப் பதிலாக நரிவெங்காயத்தைக் கையாண்டனர். சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் அவருடைய சகாக்களும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அதன் வீரியப் பொருள்களைத் தூய்மையாகப் பிரித்தனர். செந்நிற வகையிலுள்ள சில்லிரோசைடு எலியைக் கொல்வதற்குப் பெயர்பெற்றது. நாயோ மனிதனோ விழுங்கினால் குமட்டி வாந்தியெடுத்துப் பெரும்பாலும் தப்புவதும், வாந்தியெடுக்கும் சக்தி இயற்கையிலேயே இல்லாத எலி மடிவதும் அதன் விசேஷம்.

மனிதன் இச்செடியைப் பார்த்த பார்வையில் பயமும் மதிப்பும் கலந்திருந்தன. லெஸ்போஸ் தீவிலே, இச்செடி இயற்கையாக வளரும் பிரதேசத்திலேயே பிறந்த தியோபிராஸ்டஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இயற்றிய தாவர வரலாற்றில், இக்குமிழம் எளிதில் சாகாது என்றும், இதில் செருகிவைத்த மாதுளை நெடுநாள் கெடாது என்றும், வீட்டு வாசலில் நட்டால் வரவிருக்கும் தீமையைத் தடுக்கும் என்று மக்கள் சொல்வதாகவும் குறிப்பிடுகிறார். அது மூன்று தடவையாகப் பூப்பதாகவும், அம்மூன்றும் உழவின் மூன்று பருவங்களைக் காட்டுவதாகவும் அவர் எழுதுகிறார். ஒரே செடி மூன்று முறை பூப்பதில்லையாயினும், ஒரு மலைச்சரிவில் முந்திப் பூப்பதும் பிந்திப் பூப்பதுமாகப் பல வாரங்கள் நீளும் பூப்பை உழவர் மூன்று தவணைகளாகப் பகுத்துப் பார்த்திருக்கலாம் என்று கொள்வதே பொருத்தம். நாட்காட்டி இல்லாத குடியானவனுக்கு, மழை வருமுன் ஏரைச் செப்பனிடச் சொல்லும் அடையாளம் இதனினும் நம்பத்தக்கதாக வேறு என்ன இருந்திருக்க முடியும்? பித்தாகோரஸ் இதனைப் பற்றி ஒரு நூலே எழுதினார் என்று பிளினி கூறுகிறார். நகரத்துப் பாவத்தையெல்லாம் ஒருவன்மேல் ஏற்றித் துரத்தும் சடங்கில் அயோனியக் கிரேக்கர் அவனை அடிப்பதற்குக் கையாண்டவை அத்திக் கிளையும் இக்குமிழமும் ஆகும். கிரீட் தீவில் புத்தாண்டன்று வீட்டு வாசலில் குமிழத்தைத் தொங்கவிடும் வழக்கம் இன்றளவும் இருந்துவருகிறது. பெயர்த்தெடுத்த பின்பும் தளிர்க்கும் ஒரு பொருளைப் புது வருஷத்தின் வாசலில் தொங்கவிட்டவர்கள், இதன் சுபாவத்தை நன்றாக உணர்ந்தவர்கள்.

இவற்றினும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது எல்லைக்கல்லுக்குப் பதிலாக இதனை நடும் பழக்கம். வயலுக்கும் வயலுக்கும் இடையே கல்லை நட்டால், இரவோடு இரவாக அதனை நகர்த்தி வைத்துவிடலாம். கடல்வெங்காயத்தை வரிசையாக நட்டுவிட்டால், சிறிய மரக்கலப்பை அதன் கனத்த குமிழத்தை அசைக்காது, ஆடு தின்னாது, தீ எரித்துச் சென்றாலும் மண்ணுக்குள் இருப்பது சாகாது, ஒருவன் பெயர்த்தெடுத்தாலோ பெரிய குழியே சாட்சி சொல்லும். குமிழம் ஆண்டுதோறும் பக்கக் குமிழங்களை ஈன்று கொத்தாகித் தன் இடத்தை மேலும் உறுதிசெய்துகொள்ளும். வேர் நேராகக் கீழே இறங்குவதன்றிப் பக்கவாட்டில் ஓடாது என்றும், அதனால் அண்டை வயலின் சத்தைத் திருடாது என்றும் யூதப் பண்டிதர் கருதினர். யோசுவா இஸ்ரவேலருக்கு நிலத்தைப் பங்கிட்டபோது எல்லைகளை வகுத்தது இச்செடியால்தான் என்று பாபிலோனியத் தல்மூது கூறுகிறது. அங்கே சொல்லப்படும் பூண்டு கடல்வெங்காயமே என்பது பெரும்பாலோர் முடிபு. பாலஸ்தீனத்து அராபியக் குடியானவர்கள் அண்மைக் காலம் வரையில் இதனை வயலெல்லையில் நட்டுவந்தனர். கல்லறைகளின்மேல் நடுவதும் அந்நாடுகளில் உண்டு.

இவ்வளவு தூரம் மனிதன் கையாண்ட செடியின் எல்லையை இயற்கை எல்லை என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மாதக்கணக்கில் நீரின்றி உயிரோடிருக்கும் குமிழத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோவதில் எந்தச் சிரமமும் இல்லை. பினிசியரும் கிரேக்கரும் ரோமரும் அராபியரும் இக்கடலின் கரைதோறும் சென்றவர்கள். ஆனால் அவர்கள்தாம் இதனை எங்கும் பரப்பினர் என்று முடிவு கட்டுவதற்கு ஓர் இடையூறு இருக்கிறது. நாம் ஒரே பெயரால் குறிக்கும் இச்செடி உண்மையில் ஒன்றன்று. அதன் அணுக்கருவிலுள்ள குரோமோசோம்கள் பத்தை அடிப்படையாகக் கொண்டு, சில பிரதேசங்களில் 20, சிலவற்றில் 40, சிலவற்றில் 60 எனப் பெருகியிருக்கின்றன. இந்தப் பேதத்தோடு இலை, குமிழம், பூ ஆகியவற்றின் பேதங்களையும் சேர்த்துப் பார்த்த தாவர நூலார் சிலர், மேற்கிலும் நடுவிலும் கிழக்கிலும் உள்ளவற்றைத் தனித்தனிச் சிற்றினங்களாகவே பிரிக்கின்றனர். கப்பல்களால் பரவிய செடியாயின், துறைமுகந்தோறும் ஒரே வகை கலந்து காணப்பட வேண்டும். பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறும் இந்த அமைப்பு, மனிதன் கலம் செலுத்தத் தொடங்குமுன்பே செடி இந்நாடுகளில் வேரூன்றி, அங்கங்கே தன் வழியில் மாறி வந்ததைக் காட்டுகிறது என்றே நான் கொள்கிறேன். எல்லைக்குள்ளே ஒரு வயலோரத்தில் ஏன் இருக்கிறது, அடுத்த மேட்டில் ஏன் இல்லை என்பதற்கு மனிதனும் ஆடும் விடையாகலாம். அல்ஜீரியாவில் ஏன் இருக்கிறது, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஏன் இல்லை என்பதற்கு மழையே விடை.

பெயர்கள் மாறிய வரலாறும் இந்தச் சிக்கலின் ஒரு நிழலே. 1753இல் லின்னேயஸ் இதனை ஸ்கில்லா மாரிட்டிமா என்றார். 1834இல் ஸ்டைன்ஹைல் என்னும் பிரெஞ்சுக்காரர், அல்ஜீரியாவிலுள்ள பெனி ஊர்கின் என்ற அராபியக் குலத்தின் பெயரால் ஊர்கினியா என்ற புதுப் பேரினத்தை ஏற்படுத்தினார். அப்பெயரே மருந்து நூல்களில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைபெற்றிருக்க, 1978இல் ஆங்கிலத் தாவரவியலார் ஸ்டெர்ன் இதனைத் தென்னாப்பிரிக்க உறவுகளோடு சேர்த்து டிரிமியாவில் வைத்தார். லில்லிக் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, இப்போது தண்ணீர்விட்டான் கிழங்கைக் கொண்ட குடும்பத்தில் அடங்கியிருக்கிறது.

இன்றைய நிலைமை இருவகையாக இருக்கிறது. கைவிடப்பட்ட வயல்களிலும் வறண்ட சரிவுகளிலும் செடி மிகுதியாகவே நிற்கிறது. இனத்துக்கு உடனடி ஆபத்து உண்டென்று கூறுவதற்கில்லை. ஆயினும் பழைய மரக்கலப்பை அசைக்காத குமிழத்தை இயந்திரக் கலப்பை ஆழத்திலிருந்து புரட்டி நொறுக்கிவிடுகிறது. கடற்கரைகளில் விடுதிகளும் சாலைகளும் நெருங்கிய இடங்களில் மணற்குன்றுகளோடு செடியும் மறைந்துவிட்டது. வயலெல்லைகள் அளவைத் துறையின் படங்களில் ஏறிவிட்டபின் புதிதாக யாரும் இதனை எல்லையில் நடுவதில்லை. மேலும், மத்தியதரைப் பிரதேசம் வெப்பம் ஏறுவதோடு குளிர்கால மழையில் குறையும் என்பது காலநிலை ஆராய்ச்சியாளர் கணிப்பு. இத்தகைய மாறுதல் வந்தால், அதன் அறிகுறியைப் பூந்தண்டுகளில் தேடுவது பயனற்றது. முதிர்ந்த குமிழம் தன் சேமிப்பைக் கொண்டு, மழை பொய்த்த ஆண்டிலும் ஆகஸ்டில் ஓங்கிப் பூக்கும். பார்ப்பவர் எல்லாம் நலமே என்று எண்ணிச் செல்வர். மழை தாழ்ந்து வந்தாலோ சீக்கிரம் முடிந்தாலோ முதலில் மடிவது, அவ்வாண்டு முளைத்து, முதற் கோடைக்குரிய குமிழத்தைத் திரட்ட அவகாசம் கிடைக்காத நாற்று. விதையிலிருந்து பூவுக்கு வர ஐந்தாறு ஆண்டுகளாவது பிடிக்கும் செடியில், நாற்றுகள் அற்றுப்போன செய்தி பூக்களில் தெரிவதற்கு ஒரு தலைமுறை ஆகிவிடும். ஆதலால் இதன் தேசப்படத்தை இனி வரைய முற்படுவோர், சரத்காலத்தில் தூரத்திலிருந்தே தெரியும் வெண்டண்டுகளை எண்ணுவதோடு, பிப்ரவரி மாதத்து ஈரமண்ணில் குனிந்து, புல்லோடு புல்லாக நிற்கும் ஒற்றை இலை நாற்றுகளையும் எண்ண வேண்டியிருக்கிறது.